விரதம் பிடித்துப் பெருத்தவன்

என்னுடைய சிறுநீரகம் நல்ல சாமான் என்றார்கள். அதைச் சுற்றியிருக்கிற ஆள்தான் சரியில்லையாம்.

சொன்னவர், சிறுநீரகம் கொடுக்க வருகிறவர்களைச் சோதித்துப் பார்க்கும் மொன்றியல் ஆஸ்பத்திரித் தாதி. முதலில் பிரெஞ்சில் சொன்னார். நான் விளங்காதவன்போல நின்றதால் ஆங்கிலத்தில் சொன்னார். இரண்டு மொழியிலும் என் எடை ஒன்றாகத்தான் இருந்தது.

என் மனைவியின் இரண்டு சிறுநீரகங்களும் வேலையை விட்டுவிட்டன. கிழமைக்கு மூன்று தரம் ஆஸ்பத்திரி வான் வந்து அவளை டயலிசிசுக்கு ஏற்றிப்போகும். அரை நாள் மெஷினோடு படுத்திருந்துவிட்டு, பிழிந்து காயப்போட்ட துணிபோல வருவாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுடைய அக்கா ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யில் இருக்கிறார், அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு நோய்க்காரரிடம் எடுக்க மாட்டார்கள். கடைசியில் என் இரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். பொருந்தியது.

"கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில நமக்குப் பொருந்தினது இது ஒண்டுதான்" என்றாள் அவள்.

ஊரில் பத்துப் பொருத்தம் பார்த்த சாத்திரியார் இதை மட்டும் பார்க்காமல் விட்டிருந்தார். ஆனால் தாதி தராசைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ஒன்றைக் கொடுத்துவிட்டால், மிச்சமுள்ள ஒன்று தனியாக இந்த உடம்பு முழுவதற்கும் உழைக்க வேண்டும். இவ்வளவு பெரிய உடம்புக்கு அது தாங்காது, பிறகு நானும் அதே வானில் ஏற வேண்டிவரும். தராசில் ஒரு கோட்டைக் காட்டி, இதற்குக் கீழே வாருங்கள், எடுக்கிறோம் என்றார். வராவிட்டால் என் மனைவி, இறந்துபோன யாரோ ஒருவருடைய சிறுநீரகத்துக்காக வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவளுடைய இதயம் அவ்வளவு காலம் காத்திருக்குமா என்று நான் கேட்டேன். அவர் தராசில் இருந்து இறங்கலாம் என்றார்.

எடையைக் குறைப்பது பெரிய வேலை என்று நான் நினைக்கவில்லை. மொன்றியல் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு லொறிக் கம்பனியில் எனக்கு வேலை. எந்த லொறி எந்தக் கொன்டெய்னரை ஏற்ற எப்போது வாசலுக்குப் போக வேண்டும் என்று கதிரையில் இருந்து சொல்வது. ஆயிரம் லொறிகளைச் சொல்கேட்க வைக்கிறவனுக்கு ஒரு வயிறு என்ன பெரிய காரியம்? சோற்றைப் பாதியாக்கினேன். சீனி இல்லாமல் தேத்தண்ணீர் குடித்தேன். மத்தியானத்தில் ஒரு டப்பா நிறைய வெள்ளரிக்காய் கொண்டுபோய், அதை ஓர் எதிரியைப் பார்ப்பதுபோலப் பார்த்துச் சாப்பிட்டேன்.

முதல் மாதம் எடை இறங்கியது. இரண்டாம் மாதம் நின்றது. மூன்றாம் மாதம், அதே வெள்ளரிக்காயைத் தின்றுகொண்டிருக்கும்போதே, மெதுவாக ஏறத் தொடங்கியது. பசியோ சொல்லி மாளாது. சாப்பிட்டு எழும்பிக் கையைத் துடைக்க முதல் அடுத்த சாப்பாட்டைப் பற்றி யோசித்தேன். லொறிக்காரன் ரேடியோவில் கொன்டெய்னர் இலக்கம் சொன்னால் எனக்குக் கொத்துரொட்டி கேட்டது. எனக்கு மன உறுதி இல்லை, மனைவியைவிட வயிறு பெரிதாகப் போய்விட்டது என்று நினைத்து ஒருநாள் காருக்குள் இருந்து அழுதேன். அழுது முடிந்தபிறகும் பசித்தது.

தாதி என்னை ஒரு வயிற்று டொக்டரிடம் அனுப்பினார். மெலிந்த மனிதர். மெலிந்தவர்கள் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது என்பது என் கருத்து. அவர் ஒரு கடதாசியில் வயிற்றை வரைந்தார். மரவள்ளிக்கிழங்கு மாதிரி இருந்தது. அதன் மேல் முனையைப் பேனையால் தட்டி, இங்கேதான் பசி தயாராகிறது என்றார். வயிறு வெறுமையாகும்போது அங்கிருந்து ஒரு ஹோர்மோன் சுரந்து இரத்தத்தோடு மூளைக்குப் போகும். அதற்குப் பெயர் கிரெலின். வழக்கமாகச் சாப்பிடுகிற நேரம் நெருங்கும்போது அது தானாகவே கூடும். சாப்பிட்டால் குறையும். கீழே குடலில் இருந்து வேறு சில ஹோர்மோன்கள் வரும், அவை போதும் என்று சொல்லுகிறவை. அவற்றில் ஒன்றின் பெயர் எழுத்தும் இலக்கமுமாக லொறியின் நம்பர் தகடு மாதிரி இருந்தது.

"நீங்கள் மெலிந்ததும் உடம்பு பஞ்சம் வந்துவிட்டது என்று நினைக்கிறது" என்றார் டொக்டர். "பசிக்க வைக்கிறதைக் கூட்டுகிறது. போதும் என்கிறதைக் குறைக்கிறது. சக்திச் செலவையும் சுருக்குகிறது. பழைய எடைக்குத் திரும்பும்வரை விடாது. இது உங்களுடைய குணம் இல்லை, ஐயா. உங்களுடைய குடல்."

எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. வாழ்நாள் முழுவதும் என்னுடைய குணம் என்று எல்லாரும் ஏசியதைச் செய்தது இந்தக் கிழங்கு என்றால், ஏச்சை எல்லாம் யாரிடம் திருப்பிக் கொடுப்பது? டொக்டர் மருந்தைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார். முதலில் வீட்டில் இன்னும் கொஞ்சம் கவனமாக இருந்து பார்க்கச் சொன்னார். வீட்டை அவருக்குத் தெரியாது.

வீட்டில் இரண்டு பிரச்சினை. முதலாவது, என் மனைவி தன் வருத்தத்தைப் பற்றி ஒருவருக்கும் சொல்ல விடவில்லை. தெரிந்தால் ஆட்கள் ஹோர்லிக்ஸ் போத்தலும் திராட்சையும் கொண்டுவந்து சோபாவில் இருந்து அழுவார்கள் என்றாள். "நான் இன்னும் சாகல்ல. ஒருத்தருக்கும் மூச்சுக் காட்டப்படாது." சரி என்றேன். இரண்டாவது, அவளுக்குப் பசியே கிடையாது. சிறுநீரகம் வெளியேற்றாத கழிவு உடம்பில் தேங்கி வாயை உலோகம்போல ஆக்கிவிடுமாம். உப்புக் கூடாது, பருப்புக் கூடாது, பூசணி, வாழைப்பழம், இளநீர் ஒன்றும் கூடாது, தண்ணீரும் அளவாக. அவள் சாப்பிடுகிறதெல்லாம் நான் சாப்பிடுவதைப் பார்ப்பதுதான். சோற்றுக்குத் தயிரும் வெல்லப் பாணியும் விட்டுக் குழைத்துத் தந்துவிட்டு, கன்னத்தில் கை வைத்து எதிரே இருப்பாள். மட்டக்களப்புக்காரி, கொஞ்சமாகப் போட அவளுக்குக் கை வராது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

வெளியில் வேண்டாம் என்று சொல்வது அதைவிடக் கஷ்டம். எங்களோடு வேலை செய்யும் ஹைட்டிக்கார லொறிச் சாரதி தன் பொரித்த இறைச்சியை நீட்டி, சாப்பிடுகிறாயா என்பான். வேண்டாம் என்றால், சரி என்று தானே சாப்பிடுவான். எங்கள் ஆட்களிடம் வேண்டாம் என்பது பேச்சின் தொடக்கம். முதல் வேண்டாம் மரியாதை. இரண்டாவது வெட்கம். மூன்றாவது சொன்னால் கோபம் என்று அர்த்தம். வருத்தம் என்றால் என்ன வருத்தம் என்று கேட்பார்கள். டயட் என்றால் ஒரு நாளைக்குச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்பார்கள். அந்த ஒரு நாள் கிழமையில் ஏழு தரம் வரும்.

நகரத்து ஓரத்தில் உள்ள இல்-பிசார் தீவில் ஒரு நண்பன் வீடு வாங்கிப் பிள்ளைக்குப் பிறந்தநாள் கொண்டாடினான். பஸ்ஸை நம்பிப் போகக்கூடிய இடம் இல்லை, காரில்தான் போனோம். என் காருக்குப் பின்னால் வேறு மூன்று கார்களை நிறுத்திவிட்டார்கள். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில், கோழிக்கறிக் கரண்டியை என் தட்டுக்கு மேலே பிடித்துக்கொண்டு நண்பனின் மனைவி நின்றபோது, என் வாயில் இருந்து தானாக வந்தது: "நான் இண்டைக்கு விரதம்."

கரண்டி உடனே போய்விட்டது. அன்று சனிக்கிழமையாக இருந்தது என் அதிர்ஷ்டம். மன்னிப்புக்கூடக் கேட்டார்கள். பெற்றோல் செலவில்லாமல் ஓடும் வண்டி கிடைத்தவன்போல நான் சந்தோசப்பட்டேன். அதன்பிறகு யார் எதை நீட்டினாலும் விரதம். சனி, வெள்ளி, ஏகாதசி, பிரதோசம், சதுர்த்தி, கந்தசஷ்டி. தமிழ்க் கடைக் கலண்டரைப் பார்த்தால் விரதமில்லாத நாளைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம்.

விரதக்காரனுக்குச் சாப்பாடு போட்டால் விரதத்தின் பலனில் பங்கு வரும் என்பதை நான் மறந்துபோனேன். எங்களுக்கு மேல்மாடியில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் தனியாக இருக்கிறார். கணவர் இறந்து சில வருடங்கள். அந்தப் பிறந்தநாளுக்கு எங்கள் காரில்தான் வந்திருந்தார். அடுத்த நாள் காலை கதவைத் தட்டினார். கையில் ஒரு பெரிய எவர்சில்வர் தட்டு, மேலே வாழையிலை.

"தம்பி, விரதம் முடிக்கச் சமைச்சனான். கொஞ்சந்தான். வேண்டாம் எண்டு சொல்லக்கூடாது."

கொஞ்சம் என்பது சோறு, நெய் விட்ட பருப்பு, பூசணிக்காய்க் கறி, கத்தரிக்காய்ப் பொரியல், அப்பளம், வடை, சவ்வரிசிப் பாயசம். விரதம் முடிக்கிற சாப்பாட்டைப் பாறணை என்போம். சாமிக்குப் படைத்துவிட்டு வருவது, குப்பையில் போட முடியாது. என் மனைவி சாப்பிடக்கூடிய ஒரு பொருள் அந்தத் தட்டில் இல்லை. ஆகவே நான் சாப்பிட்டேன். அதன்பின் அக்கா ஒரு விரதத்தையும் தவறவிடவில்லை. நான் பொய்யாகப் பிடித்த விரதங்களை அவர் உண்மையாக முடித்துவைத்தார். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமும் வேறு வந்தது.

அடுத்த தரம் தாதி தராசைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் தராசைப் பார்த்தார்.

"என்ன நடந்தது?"

"நிறைய விரதம் இருந்தேன்" என்றேன்.

விரதம் இருந்தால் ஏன் எடை கூடுகிறது என்று கேட்டார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் புண்ணியத்துக்குச் சொல் இல்லை. அவர் என் கண்ணைப் பார்த்து, உங்கள் மனைவியின் போன மாத அறிக்கை நன்றாக இல்லை, தெரியுமா என்று மெதுவாகக் கேட்டார். தெரியும் என்றேன். வெளியே வந்து மெட்ரோவில் இறங்க வேண்டிய இடத்தைக் கவனிக்காமல் இரண்டு ஸ்டேஷன் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன்.

டொக்டர் மருந்தை எழுதினார். கிழமைக்கு ஒரு ஊசி, வயிற்றில் நானே குத்திக்கொள்வது. குடலில் வரும் அந்த நம்பர் தகட்டு ஹோர்மோனைப் போலச் செய்யப்பட்டது. மூளைக்குப் போதும் என்று சொல்லும். வயிற்றின் கீழ் வாசலையும் மெதுவாகத் திறக்க வைக்கும், சாப்பாடு நெடுநேரம் வயிற்றிலேயே நிற்கும். இது எனக்கு உடனே விளங்கியது. துறைமுக வாசல் சுணங்கினால் பின்னால் ஒரு லொறியும் நகராது, புதிதாக ஒன்றை அனுப்பவும் யாரும் கேட்க மாட்டார்கள்.

முதல் இரண்டு மாதம் குமட்டல். காலையில் தின்ற இடியப்பம் பின்னேரம் ஏப்பத்தில் வந்து சுகம் விசாரித்தது. மருந்தின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். பிறகு ஒருநாள் வேலையில் இருக்கும்போது, ஏதோ சத்தம் நின்றுபோனதுபோல இருந்தது. பழைய குளிர்சாதனப் பெட்டி ஓடி நிற்கும்போதுதான் அது இதுவரை இரைந்துகொண்டிருந்தது தெரியவரும், அப்படி. பசி போய்விட்டிருந்தது. மெலிந்தவர்கள் இப்படித்தான் நாள் முழுக்க இருக்கிறார்களா என்று நினைத்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

வீட்டில் மூன்று வாய்ச் சோற்றோடு என் கை நின்றது. என் மனைவி கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கிழமை பொறுத்தாள். பிறகு தட்டைப் படக்கென்று எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

"நானும் சாப்பிடுறல்ல. இப்ப நீங்களும் சாப்பிடுறல்ல. அப்ப இந்த வீட்டில அடுப்பு ஆருக்கு எரியுது?"

"உனக்காகத்தானே புள்ள."

"எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதானே கோவம் வருது."

குசினிக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். அழுகிற சத்தம் கேட்கக்கூடாது என்றால் அவள் தண்ணீரைத் திறப்பாள். அந்த நேரம் பார்த்து மேல்மாடி அக்கா, தட்டோடு கதவைத் தட்டினார். அன்று பிரதோசம்.

நான் தட்டை வாங்கவில்லை. அவரையும் கூட்டிக்கொண்டு படியேறி மேலே போனேன். அவருடைய குசினி மேசையில் தட்டை வைத்துவிட்டு, அக்கா, நான் ஒரு விரதமும் இல்லை, எல்லாம் பொய் என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"விரதமோ பொய்யோ, உங்கட மனிசிக்காகத்தான் இருக்கிறியள் எண்டு எனக்குத் தெரியும் தம்பி."

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அந்த வான். என்ர அவரும் அதிலதானே போய் வந்தவர். கோர்ன் அடிக்கிற சத்தமே எனக்குத் தெரியும். உங்கட மனிசி சொல்ல விரும்பேல்லை, நான் ஏன் கேப்பான்? நீங்கள் பட்டினி கிடந்து விழுந்தால் அவவை ஆர் பாக்கிறது? அதுதான் தந்தனான்."

நான் இருந்துவிட்டேன். இருந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சிறுநீரகம், தராசு, அந்தக் கோடு, ஊசி. கோட்டைத் தாண்டி நான் கீழே போகாவிட்டால் எடுக்க மாட்டார்கள் என்பதை அவர் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். முகம் வெளிறிப்போனது.

"ஐயோ. நான் உங்களுக்குப் பாயசம் தந்திருக்கிறன்."

"ஓம் அக்கா."

"நெய் விட்டு."

"ஓம்."

தட்டை எடுத்து என் கைக்கு எட்டாத பக்கம் தள்ளிவைத்தார். "எங்கட அவருக்குக் குடுக்க ஒருத்தரும் பொருந்தேல்லை" என்றார் பிறகு. "காத்திருந்தே கண்ணை மூடிட்டார். உங்களுக்குப் பொருந்தியிருக்கு. இனி நான் பாத்துக்கொள்ளுறன்."

பார்த்துக்கொண்டார். கோயிலிலும் கலியாண மண்டபத்திலும் என் பக்கத்தில் நின்று, நீட்டுகிற கையை எல்லாம் தட்டிவிட்டார். தம்பிக்குப் பெரிய நேர்த்திக்கடன் இருக்கு, ஒருத்தரும் குடுக்கக்கூடாது, குடுத்தால் குடுக்கிறவைக்குத்தான் பாவம் என்று அவர் சொன்னதை யாரும் சந்தேகிக்கவில்லை. பொய் சொல்வதிலும் அனுபவம் வேண்டும். என் மனைவியிடமும் வந்து இருந்தார். அழவில்லை, ஹோர்லிக்ஸ் கொண்டுவரவில்லை. உப்பில்லாமல் வாய்க்கு ருசிக்க எதை எப்படிப் புளிவிட்டுச் சமைக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தார். அவளுக்கு ஒருத்தியோடு பேச எவ்வளவு ஆசை இருந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த பனிக்காலம் முடிகிற நேரத்தில் கோட்டுக்குக் கீழே வந்தேன். தாதி தராசைப் பார்த்துவிட்டு முதல்முறையாகச் சிரித்தார். விரதமா என்று கேட்டார். இல்லை, ஊசி என்றேன்.

சத்திரசிகிச்சைக்குச் சில கிழமைகளுக்கு முன்னர் ஊசியை நிறுத்தச் சொன்னார்கள். வயிற்றின் வாசல் சுணங்கி உள்ளே சாப்பாடு மிஞ்சியிருந்தால், மயக்கத்தில் அது மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். முதல்நாள் முழுக்கத் தெளிந்த தண்ணிச் சாமான் மட்டும். அன்று மேல்மாடியில் இருந்து ஒரு வாசனையும் வரவில்லை. அக்காவும் அன்று அடுப்பு மூட்டவில்லை என்று பிறகு அறிந்தேன். எங்கள் மூன்று பேரில் அவர் பிடித்தது மட்டும்தான் விரதம்.

எடுத்தார்கள். வைத்தார்கள். இதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, நான் அங்கே இருக்கவில்லை. விழித்தபோது இடது பக்கம் நெருப்பு வைத்ததுபோல வலித்தது. அதைவிட மோசம், நிறுத்திய ஊசியின் வேலை முடிந்துபோய், கிழங்கின் மேல் முனை பழையபடி உழைக்கத் தொடங்கியிருந்தது. பசித்தது. எனக்குப் பசி வந்ததில் அன்று நான் கவலைப்பட்டேன், இனிமேலும் அந்தத் தராசோடுதான் என் சீவியம் என்று.

இரண்டு நாள் கழித்து, சக்கர நாற்காலியில் என்னை அவளுடைய வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மத்தியானச் சாப்பாடு வந்திருந்தது. அவளுக்கு ஒரு தட்டு. என்னுடைய தட்டையும் அங்கேயே கொண்டுவந்து வைத்தார்கள். உப்பில்லாத கோழித் துண்டு, மசித்த உருளைக்கிழங்கு, நடுங்கிக்கொண்டிருந்த சிவப்பு ஜெலி. நாங்கள் இருவரும் கலியாணம் கட்டிய நாளில் இருந்து பார்த்த சாப்பாடுகளில் ஆகப் படுமோசமானது அது.

அவள் முகத்தில் நிறம் இருந்தது. என்னைப் பார்த்தாள். அவளே நம்பாத ஒன்றைச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"இஞ்ச பாருங்க. எனக்குப் பசிக்குது."

புதுச் சிறுநீரகத்துக்குக் கொடுக்கிற மாத்திரையாலும் அப்படிப் பசிக்கும் என்றார் பக்கத்தில் நின்ற வார்டுத் தாதி. எதனால் என்றால் எனக்கு என்ன? எத்தனையோ வருடமாக அந்தச் சொல்லை நான் அவள் வாயில் கேட்டதில்லை. என் கண் நிறைந்துவிட்டது, துடைக்கக் கையைத் தூக்கினால் காயம் இழுத்தது, அப்படியே விட்டேன்.

அவள் கோழியைச் சாப்பிட்டாள். கிழங்கை வழித்துச் சாப்பிட்டாள். ஜெலியையும் விடவில்லை. பிறகு என் தட்டைப் பார்த்தாள்.

"நீங்க சாப்பிடுறல்லயா?"

"எனக்குப் பசியில்ல புள்ள" என்றேன், வயிறு இரைந்துகொண்டிருக்க.

தட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டு, கன்னத்தில் கை வைத்து, அவள் சாப்பிட்டு முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.